வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆகஸ்ட் 15 கொண்டாட வேண்டுமா?

கேள்வி: வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறேன். இங்குள்ள இந்தியர்கள் சுதந்திர தினத்தன்று தூதரகக் கொடியேற்றத்துக்கும், பிறகு ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கும் அழைக்கிறார்கள். "நாட்டை விட்டுப் போனவனுக்கு எதற்குச் சுதந்திர தினம்?" என்று ஊரில் உள்ள நண்பர்கள் கேட்கிறார்கள். போகலாமா?

பதில்:

கட்டாயம் போங்கள். அந்த நண்பர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதே கேள்வியை என் அத்தை மகனே என்னிடம் கேட்டிருக்கிறான், அதுவும் ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேர் முன்னால்.

நீங்கள் துபாயிலோ தோஹாவிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது. நான் இருப்பது யாழ்ப்பாணத்தில். இதைச் சொன்னதும் "யாழ்ப்பாணமெல்லாம் ஒரு வெளிநாடா?" என்று யாராவது கேட்பார்கள். என் சொந்த ஊர் நாகப்பட்டினம். எங்களுக்குச் சென்னையை விட யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைதான் கிட்டே. கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். டில்லி செங்கோட்டையில் கொடியேறும் அதே காலை நேரம்தான் இங்கேயும். கடையில் தமிழ், கோயிலில் தேவாரம். எல்லாம் சரி. ஆனால் விசா முடியும் தேதி தலைமாட்டில் நிற்கும். ஆகஸ்ட் 15 இங்கே சாதாரண வேலை நாள். இலங்கையின் சுதந்திர தினம் பிப்ரவரி 4. சுதந்திரம் 1948இல் கிடைத்தது. அன்றைக்கு அரசு விடுமுறை உண்டு. ஆனால் இங்கே பலர் அதைக் கரிநாளாக அனுசரிக்கிறார்கள், பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். தன் நாட்டின் தேசிய நாளையே மனம் ஒப்பிக் கொண்டாட முடியாத மக்கள் நடுவில் நான் என் நாட்டின் நாளைக் கொண்டாடுகிறேன். இது துபாயில் இருப்பவருக்கு வராத சங்கடம்.

யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. காலையில் கொடியேற்றுவார்கள், தேசிய கீதம் பாடுவோம், முந்தின நாள் மாலை குடியரசுத் தலைவர் நாட்டுக்கு ஆற்றிய உரையைத் துணைத் தூதர் வாசிப்பார். பிள்ளைகளின் நடனம், சிற்றுண்டி. அவ்வளவுதான். பெரிதாக எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆனால் அந்த 52 வினாடி தேசிய கீதத்தை ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் எத்தனையோ முறை பாடியிருந்தும், இங்கே பாடும்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. என் பக்கத்தில் நின்ற, ஒடிசாவிலிருந்து வந்த ஒடியாக்காரப் பையனுக்கும் அப்படித்தான். ஓட்டல் சமையல்கட்டில் வேலை அவனுக்கு. இங்கே அவன் பேச்சு யாருக்கும் புரியாது, கடைப் பலகைகள் எதையும் அவனால் வாசிக்க முடியாது. எனக்கு மொழி இருக்கிறது, அவனுக்கு அதுவும் இல்லை. அன்று ஒருநாள்தான் நாங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக நின்றோம்.

நான் சொல்ல வந்தது 2024 ஆகஸ்ட் 15 பற்றி. தூதரகத்திலிருந்து வந்தபின் மதியச் சாப்பாடு என் வாடகை வீட்டில் என்று முடிவாகியிருந்தது. கட்டுமானத் தளத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஆந்திராக்காரர், அந்த ஒடியாப் பையனும் அவனோடு ஓட்டலில் வேலை பார்க்கும் பையன்களும், குடும்பத்தோடு வந்திருக்கும் ஒரு திருச்சிக்காரர், எல்லோரும் வருவதாக ஏற்பாடு. பையன்கள் பிரியாணி போடலாம் என்றார்கள். ஆனால் அது இங்குள்ள நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் காலம். ஆகஸ்ட் 9ஆம் தேதியே கொடியேறிவிட்டது. இருபத்தைந்து நாளும் நல்லூரைச் சுற்றியுள்ள வீடுகளில் மச்சம் அடுப்படிக்குள் வராது. மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாமே. வீட்டுக்கார அம்மா கீழ்வீட்டில் விரதம் இருக்கிறார். அவர் தலைக்கு மேல் நாங்கள் இறைச்சி வேகவைப்பது முறையில்லை. சைவம்தான் என்று சொல்லிவிட்டேன். ஆந்திராக்காரர் புளியோதரை கிண்டினார். ஒடியாப் பையன்கள் பருப்பில் முருங்கைக்காய், பூசணி, வாழைக்காய் எல்லாம் போட்டுத் தால்மா வைத்தார்கள். சாம்பாரும் வடையும் திருச்சிக்காரர் வீட்டிலிருந்து வந்தன. இறைச்சி இல்லையே என்று ஒருவரும் குறைப்படவில்லை.

பால்கனியில் ஒரு கொடி கட்டலாமா என்று முந்தின நாளே வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, உள்ளுக்குக் கட்டுங்கோ. வெளியில வேண்டாம். 87இல இந்தியன் ஆமி வந்து இறங்கேக்க நாங்கள் ரோட்டில நிண்டு மாலை போட்டனாங்கள். நான் அப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஒக்டோபரில சண்டை துவங்கினது. அதில எங்கட அண்ணன் போயிட்டார். உங்கட நாளை நீங்கள் கொண்டாடுங்கோ, நான் மறிக்கேல்லை. கொடி வாசல்ல பறந்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும், அதுதான்."

எனக்கு வரலாறு தெரியாதது இல்லை. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதன்படி இந்திய அமைதிப்படை வந்தது, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது, 1990 மார்ச்சில் படை திரும்பியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். பலாலியில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, சுதந்திர தினத்தில் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த வீரர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். இன்னொரு பக்கம், 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அங்கே விளக்கேற்றுகிறார்கள். இரண்டு நினைவேந்தலும் ஒரே ஊரில் நடக்கின்றன. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, தினமும் காலையில் உங்களுக்குத் தேநீர் தருகிறவர் வாயால் கேட்பது வேறு.

கொடியைக் கூடத்துச் சுவரில் கட்டினோம். "அப்படியானால் நீ உன் கொடிக்காக வெட்கப்பட்டாயா?" என்று யாராவது கேட்கலாம். துளியும் இல்லை. அந்தக் கொடியின் கீழ்தான் நான் படித்தேன், கல்விக்கடன் வாங்கினேன், வேலைக்கு வந்தேன். சுவரில் கட்டினாலும் அது அதே கொடிதான். வாடகைக்கு இருக்கும் வீட்டில் வீட்டுக்காரரின் துக்கத்தை மதிப்பது தேசப்பற்றுக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் இல்லை, அந்தக் காலத்து அரசியலில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. அதற்கென்று வேறு கேள்வி-பதில்கள் இருக்கின்றன, அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

சாப்பிடும் நேரத்தில் அந்த அம்மா ஒரு சட்டி பாயாசத்தோடு மேலே வந்தார். தால்மாவைக் கொஞ்சம் போட்டுக்கொடுத்தோம். "பருப்புக்குள்ள மரக்கறி எல்லாத்தையும் போட்டிருக்கிறியள், நல்லா இருக்கு" என்றார். ஒடியாப் பையனுக்கு நான் இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"நாட்டை விட்டுப் போனவன்" என்ற பேச்சுக்கு வருகிறேன். நான் இங்கே சம்பாதிப்பதை அங்கேதான் அனுப்புகிறேன். என் பெயர் இன்னும் நாகப்பட்டினம் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வாக்குப் போட வேண்டுமானால் நேரில் வர வேண்டும். 2010இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் உள்ள குடிமக்களும் பதிவு செய்யலாம் என்றார்கள், நல்லது. தபால் வாக்கு மட்டும் எங்களுக்குக் கிடையாது. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு முழுக்க ஓட்டுப் போட்டது. நான் தளத்தில் கான்கிரீட் போடும் வேலையை விட்டு நகர முடியாமல் நின்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் என் வாக்குச்சாவடி. இதற்கு ஒரு வழி செய்துவிட்டு, பிறகு எங்கள் தேசப்பற்றை அளக்கட்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களுக்குச் சொல்வது இதுதான். கொடியேற்றத்துக்கும் போங்கள், சாப்பாட்டுக்கும் போங்கள். நம்மூர்க்காரர்கள் என்றால் தமிழர்கள் மட்டும் என்று ஒதுங்கி உட்காராதீர்கள். வீட்டில் கூடுவதாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேளுங்கள். தூதரக வாசலில் கேட்பார்கள், பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். பெரிய பை வேண்டாம், சோதனையில் நேரம் போகும். அங்கே அது விடுமுறை நாள் இல்லையென்றால் விடுப்பை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.