குளிர்நீரில் ரெகுலேட்டர் காற்றைக் கொட்டினால்

கனடாவின் நனைமோ அருகே மூழ்கியிருக்கும் சஸ்காட்செவான் போர்க்கப்பலில், 25 மீட்டர் ஆழத்தில் உங்கள் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி) நிற்காமல் காற்றைக் கொட்டியது, கடையில் சோதித்தால் குறையே இல்லை என்கிறீர்கள். கடையின் வெதுவெதுப்பில் அது தெரியாது. சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்று, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. ஆழத்தில் தண்ணீரும் 10 டிகிரிக்குக் கீழேதான். அதன் ஸ்பிரிங்கைச் சுற்றிப் பனி கட்டினால் வால்வு மூடாது. பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

உடலில் தண்ணீர் படாமல் காக்கும் டிரை சூட்டுக்குக் காற்று விட்டுக்கொண்டே வேகமாக மூச்சு இழுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். சூட்டுக்குச் சின்னச் சின்னதாக விடுங்கள், அப்புறம் மூச்சு. படகில், காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை நீளமாக அழுத்துவதும் வேண்டாம்.

தண்ணீர் புகாதபடி மூடிய ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு மாறுங்கள். தனி ரெகுலேட்டருடன் ஒரு சிறு சிலிண்டரும் அவசியம். கொட்டும் ரெகுலேட்டர் சில நிமிடங்களில் சிலிண்டரையே காலி செய்துவிடும். அதனால் இவை இரண்டும் கைக்கு வரும்வரை கப்பலுக்குள் மட்டும் நுழையாதீர்கள், தயவுசெய்து. வெளியே கைப்பிடிக் கம்பிகளை மூடி நிற்கும் வெள்ளைக் கடற்சாமந்திகளைப் பார்க்கவே ஒரு முழு டைவ் போதாது.