வெள்ளையடித்த சுவரில் ஹெஸ் விதி

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் வெப்ப மாற்றங்களை, அதிலும் ஹெஸ் விதியை, ஆய்வக வசதி அதிகம் இல்லாத பள்ளியில் எப்படிப் புரியவைப்பது?

திருநெல்வேலிக்கு வடக்கே, தாழையூத்துப் பக்கம் வேதியியல் நடத்துகிறேன். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டுமாக இருக்கிற பகுதி. இந்தப் பாடத்துக்கு நான் காசு கொடுத்து வாங்குவது சுட்ட சுண்ணாம்பு மட்டும்தான்.

ஒரு எவர்சில்வர் செம்பில் 200 மில்லி தண்ணீர், ஒரு வெப்பமானி, 10 கிராம் சுண்ணாம்புத் தூள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். "ஏல, கொதிக்கி பாருல!" என்று பின்பெஞ்சு முன்னால் வந்துவிடும். முகத்தைக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முதல் வருடம் நான் பிளாஸ்டிக் மக்கில் ஒரு கை அள்ளிப் போட்டு, மக்கின் அடி உப்பிப்போய் நின்றேன். அதற்கப்புறம்தான் இந்தச் செம்பும் தராசும்.

சூடு ஏறியதும், வெப்ப மாற்றத்துக்கு என்ன குறி போடுவது என்ற கேள்வி வரும்: "சுடுதுன்னா பிளஸ்தானே சார்?" இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கணக்கு யாருடையது என்று திருப்பிக் கேட்பேன். கொடுத்தது சுண்ணாம்பும் அதோடு சேர்ந்த நீரும். வாங்கிக்கொண்டது மிச்சத் தண்ணீரும் செம்பும் உன் கையும். நாம் எழுதுவது கொடுத்தவர் கணக்கு, அதனால் மைனஸ். ஒரு மோலுக்கு, அதாவது 56 கிராமுக்கு, சுமார் 65 கிலோஜூல். அப்படிப் பார்த்தால் எங்கள் செம்பு 14 டிகிரி ஏற வேண்டும். 8, 9 வந்தாலே எங்களுக்குப் பெரிது. செம்பும் காற்றும் கொஞ்சம் தின்கின்றன. கடைச் சுண்ணாம்பில் பாதி ஈரக்காற்றிலேயே நீறிப்போயிருக்கும். விடை ஏன் குறைந்தது என்று பேசவே ஒரு பீரியட் போதாது.

வெப்பக் கொள் மாற்றத்துக்கு, அதாவது சூட்டை உள்ளே வாங்கிக்கொள்வதற்கு, யூரியா. வயல் வேலை தெரிந்த பிள்ளைகளுக்கு அது தண்ணீரில் கரையும்போது ஜில்லென்று ஆவது முன்பே தெரியும்.

சரி, ஹெஸ். எந்த வழியில் போனாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றுதான் என்று அவர் 1840-ல் சொன்னார். அதைக் காட்டப் பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளையே போதும். காளவாசலில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற மோலுக்கு சுமார் 178 கிலோஜூல் செலவு. நீற்றும்போது 65 திரும்பி வந்தது. மிச்சம் 113 எங்கே? அதைப் பலகையில் எழுதிவிட்டு ஒரு நாள் சும்மா விட்டுவிடுவேன். மறுநாள் யாராவது ஒருவர் சுவரைச் சொல்வார். அடித்த வெள்ளை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி, நீரை விட்டு, மறுபடி கல்லாகிறது. அந்த 113 அங்கே வெளிவருகிறது. கல்லில் தொடங்கிக் கல்லில் முடிந்தால் மொத்தம் பூஜ்யம்.

"அப்போ சுவர் ஏன் சார் சுடல?" என்று போன வருடம் ஒரு பெண் கேட்டாள். அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல நடக்கிறது. வெளிவரும் சூட்டை வெளிவர வெளிவரக் காற்று கொண்டுபோய்விடும் என்றேன். இப்போது பாதி வீடுகளில் டிஸ்டெம்பர்தான், சுண்ணாம்பு நீற்றுவதையே பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் செம்புச் சோதனையை விட்டுவிட்டு நேரே பலகைக்குப் போகாதீர்கள். தேர்வில் வரும் கார்பன் எரியும் கணக்கை இதற்கப்புறம் கொடுத்தால் அவர்களே போட்டுவிடுகிறார்கள்.