புகை வருது, யாருமே எந்திரிக்கலயே! – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சுற்றுச்சூழல் பத்தினது தான், ஆனா யாரும் ஓசோன் எவ்ளோ, கார்பன் எவ்ளோன்னு கேக்கல, எல்லாரும் மனுஷன பத்தி தான் கேட்டிருக்கீங்க. அதனால நேரா பதிலுக்கு போயிடலாம்.

கே: பூமி சூடாகுதுன்னு சின்னப் பசங்களுக்கு கூட தெரியுது. ஆனா ஒருத்தரும் அசையமாட்டேங்கிறாங்க. மனுஷனுக்கு அக்கறையே இல்லாம போச்சா சார்?

அக்கறை இருக்குங்க, அது வெளிய தெரியமாட்டேங்குது, அங்க தான் சிக்கலே. 1968ல லட்டானே, டார்லின்னு ரெண்டு உளவியல்காரங்க அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு ரூம்ல ஆள உக்கார வச்சு ஒரு ஃபார்ம் நிரப்ப சொல்றாங்க, கொஞ்ச நேரத்துல சுவத்து ஓட்டை வழியா புகை வர ஆரம்பிக்குது. தனியா இருந்தவங்கள்ல 75 சதவீதம் பேர் எந்திரிச்சு போய் சொல்லிட்டாங்க. ஆனா கூட ரெண்டு பேர் (இவங்க செட்டப் பண்ண ஆளுங்க) ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுதிட்டே இருந்தப்போ, பத்து பேர்ல ஒருத்தர் தான் போய் சொன்னார்! மத்த ஒம்போது பேரும் இருமிக்கிட்டு, கண்ண கசக்கிக்கிட்டு, புகைய கையால தள்ளிவிட்டுக்கிட்டு ஃபார்ம நிரப்பிட்டு இருந்தாங்க. இவங்கல்லாம் கெட்டவங்களா? இல்ல, "பக்கத்துல இருக்கிறவன் சும்மா இருக்கான்னா அப்ப பெருசா ஒண்ணுமில்ல போல"ன்னு நெனச்சவங்க.

நம்ம எல்லாரும் இப்ப அந்த ரூம்ல தான் இருக்கோம்னு நான் சொல்வேன். ஆதாரம் இல்லாம சொல்லல, 2024ல வெளியான ஒரு ஆய்வுல 125 நாடுகள்ல கிட்டத்தட்ட 1,30,000 பேர்கிட்ட கேட்டாங்க, பருவநிலை மாற்றத்த தடுக்க மாசாமாசம் உங்க வருமானத்துல 1 சதவீதம் தருவீங்களான்னு. 69 சதவீதம் பேர் தரேன்னாங்க. அப்புறம் "உங்க நாட்டுல எத்தனை பேர் தருவாங்கன்னு நெனக்கிறீங்க?"ன்னு கேட்டா சராசரியா 43 சதவீதம்னு சொல்லியிருக்காங்க. அதாவது மனசுக்குள்ள பெரும்பாலானவங்க ரெடி, ஆனா மத்தவன் வரமாட்டான்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிட்டு உக்காந்திருக்கோம். அரசாங்கம் இன்னும் அதிகமா செய்யணும்னு சொன்னவங்க 89 சதவீதம், இத நீங்க பேச ஆரம்பிச்சா எதிர்ப்பு வரும்னு பயப்படுறீங்க பாருங்க, அந்த பயத்துல பாதி பொய்.

கே: ரூம விட்டு வெளிய வரும்போது லைட்ட அணைக்கிறதுல நான் ரொம்ப கரெக்ட். இதெல்லாம் கணக்குலயே வராதுன்னு என் கணவர் கிண்டல் பண்றார். யார் பக்கம் நியாயம்?

அவர் பக்கம் தான் கொஞ்சம் சாயுது, மன்னிச்சுக்கோங்க மேடம். 9 வாட் எல்.இ.டி. பல்பு 220 மணி நேரத்துக்கு மேல எரிஞ்சா தான் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடுனதுக்கு சமம், கணக்கு போட்டு பாருங்க. நீங்க மட்டும் இப்படி இல்ல, 2010ல ஷாஸீன் அட்டாரி குழு 505 அமெரிக்கர்கள்கிட்ட கரண்ட்ட மிச்சம் பண்ண எது பெஸ்ட்னு கேட்டப்ப, கரண்ட் கம்மியா இழுக்கிற மெஷினா மாத்துறத விட லைட்ட அணைக்கிற மாதிரி விஷயத்த தான் நிறைய பேர் சொன்னாங்க. பெரிய மெஷின்கள் இழுக்கிற கரண்ட்ட ரொம்ப கம்மியா எடை போட்டிருந்தாங்க. கண்ணுக்கு பளிச்னு தெரியுது, அணைச்சா உடனே இருட்டாகுது, அதனால ஏதோ பெருசா செஞ்ச மாதிரி இருக்கு. ஹீட்டர் சத்தமில்லாம ஒரு மூலைல தொங்குது, யாருக்கு ஞாபகம் வரும்?

இதுல எனக்கு பயமா தோணுற விஷயம் வேற. அமெரிக்காவுல ஒரு குடியிருப்புல வாராவாரம் தண்ணி செலவ சொல்லி குறைக்க சொன்னாங்க, தண்ணி 6 சதவீதம் குறைஞ்சுது, ஆனா அதே வீடுகள்ல கரண்ட் 5.6 சதவீதம் ஏறிடுச்சு (2013ல வந்த ஆய்வு). ஒரு நல்லது பண்ணிட்டோம்ல, இன்னொண்ணுல கொஞ்சம் தாராளமா இருக்கலாம்னு மனசு தானே ஒரு பர்மிஷன் எழுதி குடுத்துக்குது போல. அதனால லைட்ட தாராளமா அணைங்க, ஆனா அதோட கடமை முடிஞ்சுதுன்னு மட்டும் நெனச்சிடாதீங்க. உங்க கணவர் கிண்டலோட நிக்கிறாரா இல்ல ஹீட்டர தொடுறாரான்னும் ஒரு கண்ணு வைங்க.

கே: எங்க அபார்ட்மெண்ட் கமிட்டில "இங்க நிறைய பேர் குப்பைய தரம் பிரிக்காம போடுறாங்க, வெக்கமா இருக்கு"ன்னு போர்டு வைக்க போறோம். வேலை செய்யுமா?

தயவு செஞ்சு வைக்காதீங்க! நீங்க திட்டுறதா நெனச்சு விளம்பரம் பண்றீங்க. அரிசோனாவுல கல்லா மாறின பழங்கால மரங்கள் கிடக்கிற ஒரு தேசியப் பூங்கா இருக்கு, வர்றவங்க ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துட்டு போயிடுறது அங்க பெரிய தலைவலி. ராபர்ட் சியால்டினிங்கிற உளவியல் பேராசிரியர் அங்க ரெண்டு விதமா போர்டு வச்சு பாத்தார். "நிறைய பேர் எடுத்துட்டு போயிட்டாங்க, அதனால காடோட இயற்கையே மாறுது"ன்னு வச்ச பாதைல அடையாளம் போட்டு வச்ச துண்டுகள்ல கிட்டத்தட்ட 8 சதவீதம் காணாம போச்சு. "தயவுசெய்து எடுக்காதீங்க"ன்னு மட்டும் வச்ச எடத்துல 2 சதவீதத்துக்கும் கீழ. ஏன்னா முதல் போர்டு படிக்கிறவன் காதுல "எல்லாரும் எடுக்கிறாங்கப்பா, நீ மட்டும் ஏன் சும்மா நிக்கிற"ன்னு தான் விழுது.

இதையே திருப்பி போட்டா நமக்கு லாபம். ஹோட்டல் ரூம்ல டவல மறுபடி யூஸ் பண்ணுங்க, சுற்றுச்சூழல காப்பாத்துங்கன்னு கார்டு வைப்பாங்கல்ல, அதுக்கு 35 சதவீதம் பேர் ஒத்துழைச்சாங்க, "பெரும்பாலான விருந்தாளிங்க மறுபடி யூஸ் பண்றாங்க"ன்னு எழுதுனதும் 44 ஆச்சு, "இதே ரூம்ல தங்கினவங்க"ன்னு எழுதுனப்ப 49. அதே ரூம்ல எவனோ முன்னாடி தங்கினவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், சிரிப்பா இருக்கு, ஆனா வேலை செய்யுது. அதனால உங்க பிளாக்ல எத்தனை வீடு ஒழுங்கா பிரிக்குதுன்னு எண்ணி அத எழுதுங்க. எண்ணிக்கை கம்மியா இருந்தா பொய் சொல்லாதீங்க, "போன மாசத்த விட இத்தனை வீடு கூடியிருக்கு"ன்னு போடுங்க, அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. கலிஃபோர்னியாவுல சான் மார்கோஸ்ங்கிற ஊர்ல வீடு வீடா உங்க தெரு சராசரி கரண்ட் இவ்ளோ, நீங்க இவ்ளோன்னு சீட்டு மாட்டுனாங்க. அதிகமா செலவு பண்ணவங்க குறைச்சாங்க சரி, ஆனா ஏற்கனவே கம்மியா செலவு பண்ணவங்க ஓஹோ நான் தான் ஏமாளியான்னு ஏத்திட்டாங்க! அப்புறம் அவங்க சீட்டுல ஒரு சிரிச்ச மூஞ்சி படம் போட்டதும் அந்த ஏத்தம் நின்னுபோச்சு. ஒழுங்கா பிரிக்கிற வீட்டுக்காரங்கள ஒரு வார்த்தை பாராட்டிடுங்க, கமிட்டிக்காரங்க பொதுவா மறக்கிறது இத தான்.

கே: காலேஜ் படிக்கிற என் பையன் காட்டுத்தீ, வெள்ளம்னு நியூஸ் பாத்துட்டு ராத்திரி தூங்கமாட்டேங்கிறான். "எதிர்காலமே இல்லம்மா"ங்கிறான். இது ஏதாவது வியாதியா?

பயப்படாதீங்கம்மா, இந்த கவலைய மட்டும் வச்சு வியாதின்னு சொல்ல முடியாது. 2021ல 10 நாடுகள்ல 16 முதல் 25 வயசு வரைக்கும் 10,000 பேர்கிட்ட கேட்ட ஆய்வுல 59 சதவீதம் பேர் ரொம்பவே கவலையா இருக்குன்னாங்க, 45 சதவீதத்துக்கு மேல இது அன்றாட வாழ்க்கைய பாதிக்குதுன்னாங்க, இந்தியாவும் அந்த பத்துல ஒண்ணு. நெஜமான ஆபத்த பாத்து பயப்படுற மனசு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு தான் அர்த்தம். அதனால "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா, படி"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதே ஆய்வுல பெரியவங்களும் அரசாங்கமும் கண்டுக்கல, கைவிட்டுட்டாங்கங்கிற உணர்வும் இந்த கவலையும் சேர்ந்தே வர்றது தெரிஞ்சுது. உக்காந்து முழுசா கேளுங்க. படுக்கைக்கு ஃபோன் போகாம பாத்துக்கோங்க. நாலு பேரோட சேர்ந்து செய்யுற வேலை எதுலயாவது அவன் போய் சேரட்டும், தனியா ஸ்க்ரோல் பண்ற பயமும் கூட்டத்தோட மண்வெட்டி பிடிக்கிற பயமும் ஒண்ணு இல்ல. தூக்கம், சாப்பாடு, படிப்பு வாரக்கணக்கா கெட்டா தயங்காம மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. வாழவே பிடிக்கலங்கிற மாதிரி பேசுனா வாரக்கணக்கு பாக்காதீங்க, அன்னிக்கே போயிடுங்க.

கே: கார்பன் ஃபுட்பிரின்ட்டே எண்ணெய் கம்பெனிங்க கிளப்பி விட்ட பேச்சு தானே. நான் எதுக்கு கஷ்டப்படணும்?

பாதி சரி. தடத்த (ஃபுட்பிரின்ட்ட), அதாவது நம்ம வாழ்க்கை பூமி மேல எவ்ளோ பாரம் ஏத்துதுன்னு அளக்கிற யோசனை 1990கள்ல ஆராய்ச்சியாளர்கள்கிட்ட இருந்து வந்தது, ஆனா அத தனி மனுஷன் தலைல கட்டி ஊரெல்லாம் பரப்புனதுல 2000களோட நடுவுல பி.பி.ங்கிற பிரிட்டிஷ் எண்ணெய் கம்பெனி நடத்துன விளம்பரத்துக்கு பெரிய பங்கு உண்டு. கோவம் நியாயம். ஆனா அந்த கோவத்த வச்சு நீங்க சோஃபால சாஞ்சுக்கிறீங்க பாருங்க, அதுவும் அவங்களுக்கு லாபம் தான்!

ஜெர்மனில ஒரு பெரிய சோதனைல, ஆன்லைன்ல கரண்ட் கனெக்‌ஷன் வாங்குறவங்க பசுமை மின்சாரம் வேணும்னா டிக் பண்ணணும்னு வச்சப்ப 7 சதவீதம் பேர் தான் எடுத்தாங்க, முன்னாடியே டிக் பண்ணி வச்சு வேணாம்னா அந்த டிக்க எடுத்துடுங்கன்னு விட்டப்ப 69 சதவீதம். ஒரு டிக் எடம் மாறுனதுக்கு இவ்ளோ வித்தியாசம், மனசாட்சிய ஒருத்தரும் மாத்தல. அந்த டிக்க யார் வைக்கிறாங்கங்கிறது தான் கேள்வி, அது கம்பெனியும் அரசாங்கமும். அவங்கள அசைக்கிறதுக்கு நீங்க வேணும், அதனால உங்க கஷ்டத்த உங்க வீட்டு பக்கெட்ல செலவு பண்றத விட கமிட்டி, ஆபீஸ், ஓட்டுன்னு பத்து பேர் பழக்கம் மாறுற எடத்துல செலவு பண்ணுங்க.

கே: துணிப்பை பத்து இருக்கு வீட்ல. கடைக்கு போனப்புறம் தான் ஞாபகம் வருது. நான் திருந்தவே மாட்டேனா?

திருந்துறதுக்கு இதுல என்ன இருக்கு, பைய வண்டி சாவியோட சேர்த்து மாட்டுங்க. பழக்கம் ஓடுறது எடத்த பாத்து, உங்க நல்ல எண்ணத்த கேட்டு இல்ல. இங்கிலாந்துல 800 வீடுகள்ல பண்ண ஒரு ஆய்வுல பசுமைப் பழக்கங்கள சொல்லிக் குடுத்தது புதுசா வீடு மாறி மூணு மாசத்துக்குள்ள இருந்தவங்ககிட்ட தான் நல்லா ஒட்டுச்சு. அதனால வீடு, வேலைன்னு எது மாறுனாலும் அந்த முதல் மூணு மாசத்த விட்றாதீங்க, அதுவரைக்கும் சாவி ஐடியா ஓடட்டும்.