வாசகர் கேள்வி: பழைய காமெடி சீரியல் திரும்ப வந்தா நல்லா இருக்கா?

கேள்வி: பழைய அமெரிக்க காமெடி சீரியலை எல்லாம் மறுபடி எடுக்கறாங்களே, ஒண்ணாவது ஒரிஜினல் அளவுக்கு நிக்குதா? – வாசகி, குரோம்பேட்டை

பதில்: நிக்குதும்மா, ஆனா ரொம்ப கம்மி. 'ஃப்ரேசியர்' 1993லேர்ந்து 2004 வரைக்கும் 11 சீசன் ஓடுச்சு, அதோட உயிரே அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அப்பாவோட முட்டிக்கறதுதான், 2023ல திரும்ப எடுத்தப்போ தம்பியா நடிச்ச டேவிட் ஹைட் பியர்ஸ் வரல, அப்பாவா நடிச்ச ஜான் மஹோனி 2018லயே இறந்துட்டார், அண்ணன் ஃப்ரேசியரா நடிச்ச கெல்சி கிராமர் ஒருத்தரே எவ்ளோ தாங்குவார் சொல்லுங்க, ரெண்டே சீசன்ல முடிஞ்சு போச்சு. எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனா 'ஒன் டே அட் எ டைம்' வேற ரகம். 1975ல வந்த ஒரிஜினல், டைவர்ஸ் ஆன அம்மா ரெண்டு பொண்ணுங்களை வளக்கற கதை, 2017ல நெட்ஃபிளிக்ஸ்ல அதையே க்யூபா வம்சாவளி குடும்பமா மாத்தி, ராணுவத்துல நர்ஸா இருந்த அம்மா, கூடவே பாட்டியா ரீட்டா மோரெனோன்னு புது ஆளுங்களை வெச்சு எடுத்தாங்க (அந்தப் பாட்டி பேரப்பிள்ளைங்களை அதட்டறதைப் பாத்தா மயிலாப்பூர் மாமி ஞாபகம்தான் வருது). பழைய முகங்களை மட்டும் நம்பாம கதையை இன்னைக்கு வாழ்க்கைக்குள்ள இறக்கினாங்க பாருங்க, அதனாலதான் எனக்கு ஒரிஜினலை விடவே பிடிச்சுது. கண்டிப்பா பாருங்க, வீட்ல பெரியவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க.