பெயர் போட்டால் மட்டும் போதாது

வணக்கம் நண்பரே. வெளிநாட்டு இதழில் வந்த டைபோல் ஆன்டெனா (இரு கைகளாக நீட்டிக் கட்டும் கம்பி ஆன்டெனா) கட்டுரையைத் தமிழாக்கி, படத்தோடு ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களுக்கு அனுப்ப எழுதியவர் பெயரைப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பெயர் போடுவது மரியாதை, அனுமதி வேறு. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பு உரிமையும் பதிப்புரிமை வைத்திருப்பவருடையதே.

ஆனால் 142.5-ஐ மெகாஹெர்ட்ஸில் சொல்லும் அதிர்வெண்ணால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வரும் என்ற கணக்கு யாருடைய சொத்தும் அல்ல. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். நம் கோபிசெட்டிபாளையத்தில் தென்னைக்கா பஞ்சம்? இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, நீங்களே படமெடுத்து, சொந்த நடையில் எழுதுங்கள். இதழ், மாதம், எழுதியவர் பெயர், அழைப்புக்குறி (வானொலியில் அவருக்குரிய அடையாளக் குறி) ஆகியவற்றை அடியில் சேருங்கள். மூலப் படமேதான் வேண்டுமென்றால் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். பதில் வரும்வரை பகிர வேண்டாம்.