வங்கியின் பழைய எஸ்எம்எஸ்களுக்குக் கீழேயே வந்த போலிச் செய்தி

கேள்வி: "உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும், உடனே விவரங்களைப் புதுப்பிக்கவும்" என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. வழக்கமாக வங்கியின் ஓடிபி வரும் அதே இடத்தில், அவற்றுக்குக் கீழேயே இருந்தது. லிங்க்கைத் திறந்தால் பூட்டுச் சின்னமும் தெரிந்தது. பாஸ்வேர்டு கேட்டதும் சந்தேகப்பட்டு மூடிவிட்டேன். ஆபத்து உண்டா? இனி எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: எதையும் டைப் செய்யாமல், எந்த ஆப்பையும் இறக்காமல் மூடியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. போனின் மென்பொருளை மட்டும் அப்டேட் செய்துவிடுங்கள். லிங்க்கைத் திறந்ததால், உங்கள் எண் புழக்கத்தில் இருப்பது மோசடிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்து போன் அழைப்பே வரலாம்.

உங்களை ஏமாற்றியது செய்தி வந்து சேர்ந்த இடம். அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால் போன் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சேர்த்துவிடும், அவ்வளவுதான். அந்தப் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்ப வழிகள் உண்டு. தபால் உறையின் மூலையில் யார் பெயரையும் எழுதிவிடலாமே, அதுபோல.

பூட்டுச் சின்னமும் அப்படித்தான். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். எதிர்முனையில் இருப்பவன் திருடனாகவே இருந்தாலும் பூட்டு தெரியும்.

பார்க்க வேண்டியது முகவரியை. முதல் ஒற்றைச் சாய்கோடு (/) எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். 'நம்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/லாகின்' என்று இருந்தால் அந்தத் தளம் 'சரிபார்ப்பு.நெட்' வைத்திருப்பவருடையது. முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வெறும் ஒட்டு. எழுத்துப்பிழை இருந்தால் போலி என்ற பழைய அறிவுரையை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. இன்றைய மோசடிச் செய்திகள் பிழையில்லாமல் வருகின்றன. சில சமயம் வங்கிக் கடிதங்களை விடவும் நன்றாக!

"பாஸ்வேர்டு போனால் என்ன, ஓடிபி இருக்கிறதே" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். போலிப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை அவர்கள் அதே நொடியில் உண்மையான தளத்தில் போடுவார்கள். உங்களுக்கு வருவது வங்கி அனுப்பும் நிஜ ஓடிபிதான். அதையும் நீங்களே போலிப் பக்கத்தில் அடித்துக் கொடுத்தால் கதவு திறந்துவிடும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், ஓடிபி எதற்காக வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும் வரியையும் படியுங்கள். லாகின் செய்யும்போது "புதிய நபருக்குப் பணம் அனுப்ப" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இத்தனையையும் ஒவ்வொரு தடவையும் சோதிக்க யாருக்குப் பொறுமை? நான் செய்வது சுலபம். வங்கியின் பெயரில் எது வந்தாலும் அதிலுள்ள லிங்க்கைத் தொடமாட்டேன். செய்தியை மூடிவிட்டு, வங்கி ஆப்பை நானே திறந்து பார்ப்பேன். கணக்கில் உண்மையிலேயே சிக்கல் இருந்தால் அங்கேயும் தெரியும். அப்புறம், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அசலாகத் தெரியும் பக்கத்திலும், முகவரி பொருந்தாவிட்டால் அது தானாகப் பாஸ்வேர்டை நிரப்பாது. நிரப்ப மறுத்தால் நீங்களாக அடித்துவிடாதீர்கள்.

யாராவது ஏற்கெனவே விவரங்களைக் கொடுத்துவிட்டால், முதலில் வங்கிக்கு போன் செய்து கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டை மாற்றுவது அதற்கு அடுத்து. வங்கியின் எண்ணை இணையத்தில் தேட வேண்டாம், அங்கேயும் போலி உதவி எண்கள் காத்திருக்கின்றன. கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையே அழையுங்கள்.