நின்றுபோன கார்களைப் பார்த்து வளர்ந்தவன்

கேள்வி: கார்களின் மீது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் பிரியம் உங்களுக்குச் சிறுவயதில் எப்படித் தொடங்கியது? என் ஆறு வயது மகன் சன்னலருகே நின்று, தெருவில் போகிற கார்களின் பெயர்களையெல்லாம் சொல்கிறான். இது நிலைக்குமா? நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் வேகத்தையோ பளபளப்பையோதான் முதல் நினைவாகச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் புதுக் காரில் வந்து இறங்கியதையும், அதில் ஒரு சுற்றுப் போய்வந்ததையும் விவரிப்பார்கள். எனக்கு அப்படியொரு நினைவு கிடையாது. எங்கள் உறவில் யாரிடமும் கார் இருந்ததில்லை. பதினோரு வயதுவரை ஓடுகிற காருக்குள் நான் உட்கார்ந்ததும் இல்லை. ஆவி கக்கிக்கொண்டு, பானெட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு, மலையடிவாரத்தில் நகர மாட்டாமல் நின்ற கார்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது.

எங்கள் ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் சாலை மலையேறத் தொடங்கும் இடம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றப்படும்வரை எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநில நிர்வாகத்தில் இருந்தது. அதற்கும் முந்திய திருவிதாங்கூர் ராஜ்யத்துக் காலத்தில் மணமாகி வந்த என் ஆச்சி, தன் கல்யாணச் செலவைக் கடைசிவரை அந்த ராஜ்யத்து நாணயமான சக்கரத்தின் கணக்கில்தான் சொன்னாள். ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறிக் கோட்டைவாசலைத் தொடும். அப்பால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அதே மலையை 1904ஆம் ஆண்டிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலும் ஏறிக்கொண்டிருந்தது. என் வயதுப் பையன்களில் பாதிப்பேர் ரயில் பைத்தியங்கள். குகைக்குள் நுழையும் வண்டியின் கூவலைக் கேட்டதும் வயல்வரப்பில் விழுந்தடித்து ஓடுவார்கள். நான் சாலைப் பக்கம் சாய்ந்ததற்கு, எங்கள் அம்மாவின் டீக்கடை முதல் வளைவுக்குச் சற்றுக் கீழே இருந்ததைத் தவிர வேறு பெரிய காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. கடை தண்டவாளத்தின் ஓரத்தில் இருந்திருந்தால் இன்றைக்கு நான் ரயில் என்ஜின்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

கடையின் பக்கவாட்டில் இரண்டு இரும்பு டிரம்களில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். ஒன்று டீக்கும் குடிப்பதற்கும், மற்றொன்று வண்டிகளுக்கு. 1980களின் நடுவில் அந்தச் சாலையில் வந்த கார்களில் பெரும்பாலானவை அம்பாசிடர்கள். வங்காளத்தின் உத்தரபாராவில், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அப்படியே எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட அந்த வண்டி ஒரு டன்னுக்கும் மேல் கனமானது. அதற்குள் ஒரு குடும்பமும் அதன் மூட்டை முடிச்சுகளும் ஏறிவிட்டால், 1489 சிசி என்ஜின் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி முனகித்தான் மேலே போக முடியும். மலையேற்றத்தில் என்ஜின் கடுமையாக உழைக்கிறது, ஆனால் வண்டி மெதுவாக நகர்வதால் என்ஜினின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டருக்குள் எதிர்க்காற்று போதிய அளவு புகுவதில்லை. என்ஜினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட விசிறி எவ்வளவு சுற்றினாலும் போதாது. ஆகவே தண்ணீர் கொதித்துவிடும். இந்த விளக்கத்தையெல்லாம் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வளைவுக்கு மேலிருந்து ஓர் ஆள் காலி டின்னோடு இறங்கி வந்தால் அங்கே ஒரு கார் நிற்கிறது என்பதுதான்.

அந்த ஆளோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. ஏழு வயதிலேயே தொடங்கிவிட்டேன். சில சமயம் நாலணா, பெரிய மனதுக்காரர்களிடமிருந்து எட்டணா. மலையாளிகள் "மோனே, கொறச்சு வெள்ளம்" என்பார்கள்; நம் பக்கத்து ஆட்கள் "எலே தம்பி, தண்ணி கொண்டாடே" என்பார்கள். காசைவிட, போய்ச் சேர்ந்ததும் கிடைக்கும் காட்சிதான் எனக்கு முக்கியம். பானெட் திறந்திருக்கும். பச்சையோ பழுப்போ ஏறிய ரேடியேட்டர், எண்ணெயும் தூசியும் அப்பிய என்ஜின், சூட்டில் டிக் டிக்கென்று சொடுக்குப் போடும் இரும்பு, வெந்த ரப்பரும் பெட்ரோலும் கலந்த மணம். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைவெளேரென்று கல்யாண மாப்பிள்ளைபோல் இருக்கும் வண்டிக்கு உள்ளே இப்படியொரு அடுப்படி இருக்கிறது என்பது, முதல் தடவை பார்த்தபோது, எனக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் எட்ட நின்று வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். டிரைவர் மட்டும் அதன் அருகே, காய்ச்சல் கண்ட பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப்போல், பொறுமையாகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் காரை ஒரு பொருளாக மட்டும் நினைக்க முடியாதவனாக ஆனேன் என்று தோன்றுகிறது.

கடைக்கு எதிர்ப்புறம் ஓலைக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை ஊரே 'பாய்' என்றுதான் அழைக்கும். எனக்கு அவர் பாய் மாமா. அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் தொடாதே என்பது. மூடி அழுத்திப் பிடித்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய், அவ்வளவும் ஆவியாகச் சீறும். "உங்கம்மா குக்கரு விசில் அடங்கும் முன்னால தொறப்பாளா?" என்று கேட்டார். அவர் சொன்னதைக் காதில் வாங்கியதோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஒன்பதாம் வயதில், டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஈரச் சாக்கைப் போட்டுத் திருகினால் ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் ஒருமுறை திருகினேன். இடது மணிக்கட்டில் எட்டணாக் காசின் அளவில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா அன்று அடித்த அடியில் தழும்பு ஏதும் விழவில்லை என்றாலும், அதுவும் நன்றாகவே நினைவிருக்கிறது.

இரண்டாவது பாடம் எனக்குப் பெரிய பயன் தந்தது. கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில், ரேடியேட்டரின் சன்னமான குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்து வழி அடைத்துக்கொள்ளும் என்றார் பாய் மாமா. அதனால்தான் ஓடைத் தண்ணீர் நிறைந்த எங்கள் டிரம்முக்கு டிரைவர்களிடம் மதிப்பு. 1989ஆம் ஆண்டு நாடு முழுவதும் வண்டிகளுக்குப் புதிய எண் முறை வந்தபோது எனக்குப் பத்து வயது. கே.எல். 2 என்றால் கொல்லம், கே.எல். 3 பத்தனம்திட்டா, டி.என். 72 திருநெல்வேலி, டி.என். 67 விருதுநகர் என்று மனப்பாடம் செய்தேன். உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் பூமி வண்டி, ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு, கார்த்திகை மாதத்தில் சபரிமலைக்கு ஏறினால், இரண்டாம் வளைவுக்குள் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லிக் குடத்தோடு தயாராக இருப்பேன். எல்லா நேரமும் பலிக்கவில்லைதான். ஆனால் உங்கள் மகன் சன்னலில் நின்று பெயர்களைச் சொல்வதற்கும் நான் சாலையில் நின்று எண்களைப் படித்ததற்கும் அதிக வேறுபாடில்லை. எந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது, அது எங்கே என்ன செய்யும் என்று ஊகிக்கத் தொடங்கும்போது பெயர்ப்பட்டியல் வேறொன்றாக மாறிவிடுகிறது.

கீழிறங்கி வரும் வண்டிகளுக்கு நோவு வேறு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த அந்தக் காலத்து அம்பாசிடரை, பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்கிய டிரைவர்கள் எங்கள் கடையருகே வந்து நிற்கும்போது, பிரேக் லைனிங் கருகிய நாற்றம் டீயின் மணத்தையும் மீறி வரும். மிதித்தாலும் பிடிக்காத அளவுக்குச் சூடாகியிருக்கும். இரண்டாம் கியரிலேயே, என்ஜின் உறுமலோடு, நிதானமாக இறக்கிக்கொண்டு வருகிறவரைப் பாய் மாமா எழுந்து நின்று பார்ப்பார். ஒரு டிரைவரை அவர் பாராட்டியது அந்த ஒரு வகையில் மட்டும்தான்.

அம்பாசிடரையும், பத்மினி என்று பெயர் மாறிய பிறகும் எல்லோரும் பியட் என்றே சொன்ன அந்தச் சிறிய காரையும் தவிர, அபூர்வமாகச் சில வண்டிகள் வரும். குற்றாலச் சீசனில் ஒருநாள் சாரல் விழுந்துகொண்டிருந்தபோது கேரளத்திலிருந்து ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இறங்கி வந்து கடையருகே நின்றது. சென்னையில் 1960களில் செய்யப்பட்ட வண்டி; அப்போதே அதற்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். ஓட்டி வந்த பெரியவர் டாக்டர் என்று நினைக்கிறேன், பின்சீட்டில் மருந்துப் பெட்டி இருந்தது. மற்றக் கார்களில் மூடி மட்டும் மேலே தூக்கும் அல்லவா? அவரோ பக்கவாட்டில் இரண்டு கொக்கிகளை விடுவித்து, முன்பக்கம் முழுவதையும், விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்த்து, முன்னோக்கிக் கவிழ்த்தார். என்ஜினும் முன்சக்கரங்களும் ஸ்டியரிங் கம்பிகளும் ஒரு மறைப்பும் இல்லாமல் சாரலில் நின்றன. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது எந்தத் தண்டு எதைத் தள்ளிச் சக்கரம் எப்படித் திரும்புகிறது என்பது எனக்கு முழுவதுமாகத் தெரிந்தது. "இன்னும் ஒரு தடவை" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நாலைந்து தடவை திருப்பிக் காட்டினார். வண்டிக்குக் கோளாறே இல்லை, ஒரு வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். பாடப்புத்தகம் எதுவும் அந்த ஐந்து நிமிடம் அளவுக்கு எனக்கு எதையும் விளங்கவைத்ததில்லை என்பதை மிகையில்லாமல் சொல்கிறேன்.

பிறகு மாருதி 800 வந்தது. முதல் வண்டியின் சாவி 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தியின் கையால் கொடுக்கப்பட்டது என்றாலும், எங்கள் மலையில் அவை கண்ணுக்குப் பழக மேலும் சில ஆண்டுகள் ஆயின. 796 சிசி, மூன்றே சிலிண்டர், அம்பாசிடரில் பாதியைச் சற்றே தாண்டிய எடை. தண்ணீர் சூடானால் தானாகச் சுற்றும் மின்விசிறி அதில் இருந்ததால், வண்டி மெதுவாக ஏறினாலும் காற்றுக்குக் குறைவில்லை. அது எங்கள் கடையைக் கடந்து, வளைவில் மென்மையாக ஓர் ஒலி எழுப்பி, மேலே போய்விடும். நிற்காது. முதன்முதலில் அது போனபோது நானும் பாய் மாமாவும் சாலையில் இறங்கி நின்று பார்த்தோம். "நல்ல வண்டி" என்றார் அவர், அடுத்த நிமிடமே, "நமக்கு ஆகாது" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். நான் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் இரண்டாவது டிரம்மின் தண்ணீரில் பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது.

பொறியாளன் ஆகவில்லை; கணக்கு எழுதும் உத்தியோகத்துக்குப் போனேன். ஆனால் முப்பத்து நான்காம் வயதில் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கியபோது, நான் முதலில் செய்தது அதை வீட்டுமுன் நிறுத்திப் பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அடுத்த ஆண்டே, 2014இல், முதலில் மாருதி 800இன் தயாரிப்பும், சில மாதங்களில் அம்பாசிடரின் தயாரிப்பும் நின்றன. ஒன்றையொன்று துரத்தி வந்தவை ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தன. அம்மாவை ஏற்றிக்கொண்டு கோட்டைவாசல் வரை போனேன். இரண்டாம் வளைவில் அவள் என் தோளைத் தட்டி, "தண்ணி பாத்துக்கிட்டியாடே?" என்றாள். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி உங்கள் மகனைப் பற்றி. நிலைக்குமா என்பதை யாரும் சொல்ல முடியாது, நிலைக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. பொம்மைக் கார்கள் வாங்கிக்கொடுப்பதில் தவறில்லை; ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பானெட் திறப்பதே இல்லை என்பது என் மனத்தாங்கல். இந்தக் காலத்துக் கார்களைத் திறந்தாலும் என்ஜினின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று கவிழ்ந்திருக்கும், பையனுக்குப் பார்க்க அதிகம் கிடைக்காது. என்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் பக்கம் அவனை விடாதீர்கள். என் மணிக்கட்டை முன்னிட்டுச் சொல்கிறேன். ஆனால் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கான தண்ணீர்த் தொட்டி என்று ஒன்று இருக்கிறது. அதன் மூடியில் கண்ணாடியும் தண்ணீர் பீச்சுவதும்போல் ஒரு படம் போட்டிருக்கும், பல வண்டிகளில் மூடி நீல நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, ஒரு சொம்புத் தண்ணீரை அவன் கையில் கொடுத்து ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் நீங்கள் உள்ளே உட்கார்ந்து லிவரை இழுங்கள்; அவன் ஊற்றிய தண்ணீர் கண்ணாடியில் பீய்ச்சுவதை அவன் வெளியே நின்று பார்க்கட்டும். முகத்திலும் கொஞ்சம் தெறிக்கும்.